நாயோடு மலையேற வாங்கிய சாமான்கள்: எது உருப்படி, எது தண்டம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். குழந்தை குட்டியோடு, நாயையும் கூட்டிக்கொண்டு, காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற மாதிரி மலைக்குப் போகிறவர்கள், முதுகில் கைப்பிடி வைத்த நல்ல ஹார்னஸ் (நாயின் மார்பையும் வயிற்றையும் சுற்றிக் கட்டுகிற பட்டை) ஒன்றை யோசிக்காமல் வாங்குங்கள். மடக்குக் கிண்ணம் எதுவானாலும் சரி, எல்லாம் ஒன்றுதான். நாய்க்கு ஷூ வாங்கலாம், ஆனால் பெரும்பாலான நேரம் அது உங்கள் பைக்குள்தான் கிடக்கும், கிடக்கட்டும். நாய் முதுகில் மாட்டும் பை தண்டம். குளிர்ச்சி தரும் என்று விற்கிற மேலாடை பற்றிக் கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் மீதி புரியும். ஜிம்மி கலப்பினம், லாப்ரடார் சாயல் தூக்கலாக இருக்கும், எடை 24 கிலோ, நடுவயசு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. வீட்டுக்காரர் வரைபடத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு முன்னால் போய்விடுவார், ஆகவே நாய் என் பொறுப்பு. ஐந்து கிலோ நாய் வைத்திருப்பவருக்கும் நாற்பது கிலோ நாய் வைத்திருப்பவருக்கும் நான் எழுதுவதில் பாதி பொருந்தாது. ஐந்து கிலோ என்றால் முடியாதபோது அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். இருபத்துநாலு கிலோவை அப்படி அள்ள முடியாது. அதனால் என் கணக்கெல்லாம் இது தன் காலிலேயே நடந்து வீடு திரும்ப வேண்டும் என்பதை வைத்துத்தான். பிராண்டு பெயர் எதையும் சொல்லப் போவதில்லை, ஒரே அமைப்பில் பத்து நிறுவனம் விற்கிறது, எதைப் பார்த்து வாங்குவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஹார்னஸுக்கு வருகிறேன். காசு அதிகம் போகிறதும் அதில்தான், ஏமாற வாய்ப்பு அதிகமும் அதில்தான். கிடைப்பது பெரும்பாலும் மூன்று தினுசு. மார்புக்குக் குறுக்கே ஒரே பட்டை படுத்துக்கொண்டு போவது ஒன்று. கழுத்திலிருந்து இரண்டு பட்டை இறங்கி மார்பெலும்பில் சேர்ந்து, முன்னங்கால்களுக்கு நடுவே பின்னால் போகிற ஒய் வடிவம் இன்னொன்று. அதே ஒய் வடிவத்தோடு, விலா முடிகிற இடத்தில் கூடுதலாக ஒரு வயிற்றுப் பட்டை வைத்தது மூன்றாவது. சமதளத்தில் காலை நடைக்கு எதுவும் ஓடும். மலைக்கு முதல் வகை வேண்டாம், அந்தக் குறுக்குப் பட்டை தோள்மூட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, முன்னங்காலை நீட்டி அடுத்த பாறையில் வைக்கிற அசைவைத் தடுக்கிறது. அதற்காக, ஒய் வடிவம் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் நம்பிவிடவும் கூடாது. மாட்டிவிட்டு, நாயைப் படியேறச் சொல்லி, பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் பட்டையின் விளிம்பு தோள் எலும்பில் போய் இடித்தால் அது ஒய்யாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, அளவு தப்பு அல்லது உங்கள் நாயின் உடல்வாகுக்கு அது ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வகை. அந்தக் கூடுதல் பட்டையின் அருமை இறக்கத்தில்தான் தெரியும். பயந்துபோன நாய் முன்னால் வராமல் பின்னாலேயே நகரும், நாம் கீழே நின்று இழுப்போம், ஒரே ஒரு வயிற்றுப் பட்டை என்றால் பையன்கள் சட்டையைத் தலைவழியாக உருவுகிற மாதிரி மொத்த ஹார்னஸும் கழன்று நம் கையில் வந்துவிடும், நாய் மேலே சுதந்திரமாக நிற்கும். விலாக் கூட்டுக்குப் பின்னால் உடம்பு குறுகுகிறது இல்லையா, அங்கே கட்டிய பட்டை விலாவைத் தாண்டி முன்னால் வராது. இதனாலேயே மெலிந்த உடம்பும் ஆழமான மார்பும் உள்ள நாய்களுக்கு இந்த வகை தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

கைப்பிடி விஷயம். பாதையின் நடுவே இடுப்புயரப் பாறை ஒன்று, சுற்றிப் போக வழியில்லை. ஜிம்மி தாவி முன்னங்கால் இரண்டையும் மேலே வைத்துவிட்டது, பின்னங்கால் வழுக்குகிறது, நகம் பாறையில் கரகரவென்று கீறுகிறது, உடம்பு பாதி மேலே பாதி கீழே. கைப்பிடியைப் பிடித்து ஓர் உந்து உந்தினேன், ஏறிவிட்டது, திரும்பி என்னைப் பார்த்து நீ எப்போது வரப்போகிறாய் என்கிற மாதிரி நின்றது. கழுத்துப்பட்டை மட்டும் இருந்திருந்தால் எதைப் பிடித்து உந்துவது? கழுத்தைப் பிடித்து மேலே இழுத்தால் மூச்சுக்குழாய் நசுங்கும். ஆனால் ஒன்று, முழு எடையையும் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். ஒரு கை கைப்பிடியில், மறு கை பின்னந்தொடைக்கு அடியில், அப்படித்தான் கொடுக்க வேண்டும். வாங்கும்போது கைப்பிடியின் இரண்டு முனையிலும் தையலைப் பாருங்கள், சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்ட மாதிரி தைத்திருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு. அப்புறம் கைப்பிடி முதுகோடு படிந்து கிடக்க வேண்டும், வளைந்து தூக்கிக்கொண்டு நின்றால் புதரில் கொக்கி மாதிரி மாட்டும்.

இனி குறைகள். முதல் குறை, முன் பட்டையின் பக்கிள். படத்தில் பார்த்தால் விலாவில் இருக்கிறது, உண்மையில் நாய் நடக்கத் தொடங்கியதும் நகர்ந்து நகர்ந்து அக்குளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பிளாஸ்டிக்கின் ஓரம் கூர்மையாக வேறு இருந்தது. மத்தியானம் இளைப்பாறும்போது முடியைப் பிரித்துப் பார்த்தால் தோல் சிவந்திருக்கிறது, அந்த இடத்தில் முடி தேய்ந்து கட்டையாக இருக்கிறது. நாய் ஒரு முனகல்கூட முனகவில்லை என்பதுதான் இதில் ஆபத்து. அது வலியைச் சொல்லாது, நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். முன் வயிற்றுப் பட்டை முழங்கைக்குப் பின்னால் மூன்று, நான்கு விரற்கடை தள்ளி விழுந்தால் இந்தத் தொல்லை இராது. எங்களுடையதில் அதற்கு இடமே வைக்கவில்லை, மார்புப் பட்டை அவ்வளவு குட்டை. அளவு அட்டவணையில் மார்புச் சுற்றளவு மட்டும்தான் கேட்கிறார்கள், மார்பெலும்பின் நீளத்தை யாரும் கேட்பதில்லை. ஒரே சுற்றளவில் குட்டை உடம்பும் நெட்டை உடம்பும் இருக்கும் என்பது நாய் வளர்ப்பவர் யாருக்கும் தெரியும், விற்பவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனதோ.

இரண்டாவது குறை இன்னும் மோசம். பட்டை தானாக இளகுகிறது. சந்தேகம் வந்ததும் வீட்டில் மார்க்கர் பேனாவால் நாடாவில், சரிசெய்கிற கொக்கி நிற்கும் இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஓடை ஒன்றைக் கடந்து நாடா நனைந்தது, மாலையில் பார்த்தால் கோட்டுக்கும் கொக்கிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. விற்ற நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதினேன். நன்றாகத் துவைத்து உலர்த்திப் பயன்படுத்துங்கள் என்று பதில் வந்தது. நனைந்தால் இளகும் நாடாவைத் துவைத்து என்ன செய்வது! கடைசியில் சரியான அளவு கிடைத்த இடத்தில் கொக்கிக்குப் பின்னால் கெட்டி நூலால் நானே நாலு தையல் போட்டுவிட்டேன், இப்போது அசைவதில்லை. நாய் எடை கூடினால் பிரித்துப் போட வேண்டியிருக்கும், பரவாயில்லை. நீங்கள் வாங்கும்போது கொக்கியை விரலால் நகர்த்திப் பாருங்கள். சுலபமாக நகர்ந்தால் வசதி என்று நினைக்க வேண்டாம், அதே சுலபத்தோடு மலையிலும் நகரும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தொளதொள.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு எப்படிப் பரிந்துரைக்கிறேன் என்றால், கைப்பிடியும் அந்தக் கூடுதல் வயிற்றுப் பட்டையும் இல்லாமல் இனிமேல் நான் நாயோடு மலைக்குப் போகமாட்டேன், அதனால். நிறம் ஆரஞ்சாக எடுங்கள். கறுப்பு பார்க்க அழகு, ஆனால் வெயிலில் கொதிக்கும், புதருக்குள் நாயும் தெரியாது. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடாதீர்கள், போன் நம்பர் பொறித்த தகடு அதிலேயே தொங்கட்டும், ஹார்னஸ் கழன்று நாய் ஓடிப்போனால் அதைப் பார்த்துத்தான் யாராவது கூப்பிடுவார்கள்.

இடுப்பில் கட்டிக்கொள்கிற சங்கிலி பற்றி மகள் எழுதச் சொன்னாள், அவளுக்கு அது பிடிக்கும். நம் இடுப்பில் ஒரு பெல்ட், அதிலிருந்து ரப்பர் போல் நீளும் கயிறு, மறுமுனை ஹார்னஸில். இரண்டு கையும் சும்மா இருக்கும், சின்னவனைப் பிடித்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் பிரமாதம், நாய் முன்னால் இழுக்க நமக்குப் பாதி வேலை மிச்சம். இறக்கத்தில் கழற்றிவிடுங்கள், அதே இழுப்பு நம்மை முகம் குப்புறத் தள்ளும். குறுகலான, ஒரு பக்கம் பள்ளமான பாதையிலும் அப்படியே, நாய் சறுக்கினால் நாமும் சேர்ந்து போவோம். பெல்ட்டில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கிற மாடு நாயைப் பார்த்தால் துரத்தும். அப்போது செய்ய வேண்டியது நாயை உடனே விட்டுவிடுவது. மாட்டுக்குக் கோபம் நாய் மேல்தான், நாய் நம்மைவிட வேகமாக ஓடித் தப்பிக்கும், பிடித்துக்கொண்டு நின்றால் நாம்தான் மிதிபடுவோம். அந்த நேரத்தில் இடுப்பில் முடிச்சு அவிழ்க்க முடியாது. அப்புறம் இந்தப் பெல்ட்டைக் குழந்தை இடுப்பில் எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள், மகன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. 24 கிலோ நாய் ஒரு முயலைப் பார்த்தால் 20 கிலோ பையன் காற்றில் போவான். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற கயிற்றுப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஷூ. நான்கு கால் ஷூவும் சேர்த்து ஒரு பெட்டியாகத் தருகிறார்கள், பார்க்கக் கொள்ளை அழகு, குழந்தைகள் துள்ளிக் குதித்தார்கள். முதன்முதலாக மாட்டிவிட்டதும் எல்லா நாயும் செய்வதை ஜிம்மியும் செய்தது: ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி உதறிக்கொண்டு, தரை சுடுகிற மாதிரி நடந்தது. வீட்டுக்குள் தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்கினால் அது சரியாகிவிடும். சரியாகாதது வேறு. நாய் பாறையில் ஏறுவது விரல்களை விரித்து, நகத்தை ஊன்றித்தான். ஷூவுக்குள் போய்விட்டால் விரலும் விரியாது, நகமும் ஊன்றாது, தரையின் சூடும் கரடும் காலுக்குத் தெரியாது. ஆகவே வறண்ட, சாதாரண மலைப்பாதையில் வெறுங்காலே மேல். கூரான சரளைக்கல் நெடுக கிடக்கிற சரிவு, பனிக்கட்டி, வெயிலில் காய்ந்த பாறை, இந்த மூன்றுக்கும்தான் ஷூ. பாறையின் மேல் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் நாயின் காலுக்கும் அது ஆகாது.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஷூவின் அடிப்பாகம், பட்டை இரண்டுக்கும் ஆல்ப்ஸ் மலையில்தான் பூர்வீகம். நல்ல நாய் ஷூக்களில் பல்பல்லாக விப்ரம் ரப்பர் அடி போட்டு வருகிறது. தன் நண்பர்களான மலையேறிகள் ஆறு பேர் 1935-இல் மலையில் இறந்துபோக, பாறைக்கும் பனிக்கும் பொருந்தாத பாதணியும் அதற்கு ஒரு காரணம் என்று நினைத்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலியர் 1937-இல் கொண்டுவந்த அடி அது. கணுக்காலில் சுற்றுகிற, ஒட்டி ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டைக்குக் காரணமே ஒரு நாய். 1941-இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற பொறியாளர் தன் நாயோடு மலையில் நடந்துவிட்டு வந்தபோது நாயின் முடியிலும் அவர் துணியிலும் ஒட்டியிருந்த முள்விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க, ஒவ்வொரு முள் நுனியும் கொக்கியாக வளைந்திருந்ததாம். அதிலிருந்து பிறந்தது வெல்க்ரோ, காப்புரிமை 1955-இல். நாயில் ஒட்டிய விதையைப் பார்த்துச் செய்த பட்டை, இப்போது அதே மாதிரி விதையும் புல்லும் மண்ணும் வந்து அடைத்துக்கொண்டு நாயின் காலிலேயே ஒட்டாமல் போகிறது! நிஜமாகவே அதுதான் எங்கள் ஷூவின் பெரிய குறை. சேற்றில் கொஞ்ச நேரம் நடந்தால் கொக்கிகளுக்குள் குப்பை சேர்ந்து பிடிப்பு போய்விடுகிறது, ஒரு ஷூ கழன்று புல்லுக்குள் விழுந்து, ஆறு வயசுக்காரன் கண்ணில் பட்டதால் தப்பித்தது. கூடவே பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்று எடுத்துப் போங்கள், வெல்க்ரோவைச் சுரண்ட அதைவிட நல்ல கருவி கிடையாது.

அளவெடுக்கும்போது நாயை நிற்கவைத்து, அளக்கும் காலில் எடை விழும்படி எதிர்க்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காகிதத்தில் வரையுங்கள். படுத்திருக்கும்போது அளந்தால் பாதம் விரியாது, சின்ன ஷூ வந்து சேரும். பெரும்பாலான நாய்களுக்கு முன்னங்கால் பாதம் பின்னங்காலைவிடப் பெரிசு, நான்கும் ஒரே அளவில் விற்கிற பெட்டியை வாங்காதீர்கள். முன்னங்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே தனியாக ஒரு நகம் இருக்குமே, பட்டை அதன்மேல் விழுந்தால் சீக்கிரம் புண்ணாகும், அடியில் மெல்லிய காலுறை போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஷூவை ஏன் வாங்கச் சொல்கிறேன்? உள்ளங்கால் திண்டு கிழிந்தால் அதைத் தவிர வேறு வழியில்லை. மலையின் பாதியில் கண்ணாடித் துண்டோ கல்லோ கிழித்துவிட்டால், கழுவி, துணி சுற்றி, மேலே ஷூ மாட்டினால் நாய் நொண்டிக்கொண்டாவது தன் காலில் இறங்கும். வெறும் கட்டு என்றால் நூறடியில் அவிழ்ந்துவிடும், மீதியை நாயே பல்லால் பிய்த்துவிடும். ஆகவே இடவசதி இல்லாவிட்டால் முன்னங்கால் அளவில் ஒன்று, பின்னங்கால் அளவில் ஒன்று, இரண்டை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாய்ப்பை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் தொங்கும், இரண்டிலும் சம எடை போட வேண்டும், ஒரு பக்கம் தண்ணீர் குறைந்தாலே மொத்தமும் சரிந்து வயிற்றுக்கடியில் போகும். குறுகிய இடத்தில் நாய்க்குத் தன் அகலம் கூடிவிட்டது தெரியாது, மரத்திலும் பாறையிலும் குழந்தைகளின் முழங்காலிலும் இடித்துக்கொண்டே போகும். ஓடையைக் கண்டதும் உள்ளே படுத்துவிடும், பைக்குள் இருக்கிற அத்தனையும் நனையும். எடைக்கும் வரம்பு உண்டு. பழக்கமில்லாத நாய்க்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், நன்றாகப் பழகிய திடகாத்திரமான நாய்க்கே கால் பங்குதான் உச்சம் என்பார்கள். ஜிம்மிக்கு அந்தப் பத்தில் ஒன்று 2.4 கிலோ, அதில் பையின் எடையும் அடக்கம். அதாவது அதன் தண்ணீரை அதுவே சுமக்கும், அவ்வளவுதான் லாபம். அந்தத் தண்ணீரை நானே சுமந்துவிட்டுப் போகிறேன், நாய் முதுகில் காற்றுப் படட்டும். வளர்கிற குட்டிக்கு இது கூடவே கூடாது, பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடிவதற்கு 12 முதல் 18 மாதம் வரை ஆகும். குழந்தைகளுக்கு ஏன் இதில் இவ்வளவு ஆசை என்றால் கழுத்தில் சின்னப் பீப்பாய் தொங்கவிட்ட செயின்ட் பெர்னார்டு படம்தான். அந்தப் பீப்பாயே கட்டுக்கதை. 1820-இல் லாண்ட்சியர் என்ற ஆங்கில ஓவியர், அப்போது பதின்வயதுப் பையன், ஒரு படத்தில் வரைந்துவைத்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பனியில் சிக்கியவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்த நாய்கள் நிஜம், பீப்பாய் நிஜமில்லை என்று மகளிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து சூடு. எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், இதற்கு விற்கிற பொருள்தான் எல்லாவற்றையும்விட மட்டம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அது ஒரு கணக்கே இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதற்கு இருக்கிற ஒரே பெரிய வழி. உடல் வெப்பம் சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து, இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள். இதில் மலை நம்மை ஏமாற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது, நமக்குச் சில்லென்று இருக்கிறது, ஸ்வெட்டர் போடுகிறோம், நாயோ ஏறுகிற வேலையில் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே போகிறது. குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம், முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே போய்ப் போய் வந்து, நாம் நடக்கிற தூரத்தைவிட ரொம்ப அதிகமாக அது நடந்துவிடுகிறது. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களை ஏற்றமான பாதைக்குக் கூட்டிப் போகவே வேண்டாம்.

குளிர்ச்சி மேலாடையை நீரில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும், நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்பது தத்துவம். வறண்ட காற்று அடிக்கிற இடத்தில் வேலை செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஈரக்காற்று உள்ள காட்டுப்பாதையில் நீர் ஆவியாகவே ஆகாது, நாய் முதுகில் வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போர்த்தியதுதான் மிச்சம். காய்ந்துவிட்டால் அது இன்னொரு சட்டை, சூட்டை உள்ளே வைத்துப் பூட்டும், அடிக்கடி நனைக்க வேண்டும், அதற்குத் தனியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். இதற்கெல்லாம் மேல், ஈரமான மேலாடையின் மேல் ஹார்னஸைக் கட்டினால் பட்டை விழுகிற இடமெல்லாம் தோல் ஊறி, உராய்ந்து, புண்ணாகும். ஹார்னஸோடு சேர்த்துப் போடலாம் என்று பெட்டியில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள்! விடிகாலையில் கிளம்புவதும், உச்சி வெயிலில் நிழலில் படுக்க வைப்பதும், வயிற்றிலும் தொடை இடுக்கிலும் நேராகத் தண்ணீர் ஊற்றுவதும் இதைவிட நன்றாக வேலை செய்கிறது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கோந்து மாதிரி தடித்து, நடை தள்ளாடினால் அதற்கு மேல் ஓரடி நடக்க வைக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், இருக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி, விசிறி, முதலில் சூட்டை இறக்குங்கள், அப்புறம் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கிண்ணம் எதுவானாலும் சரி என்று மேலே சொன்னேன், சிலிக்கானோ துணியோ மடங்கினால் போதும். தண்ணீர் கணக்குதான் முக்கியம். சும்மா இருக்கிற நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை வேண்டும், ஜிம்மிக்கு அதுவே 1.2 லிட்டருக்குக் குறையாது, மலையேறும் நாளில் அதற்கும் மேல். ஒரேயடியாக ஊற்றாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தேங்கிய குட்டையில் வாய்வைக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம், அது நாயிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரும். தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி ஏடு படர்ந்திருந்தால் கிட்டேயே போகாதீர்கள், அந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில சமயம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நாயைக் கொன்றுவிடும். பிள்ளைகள் கொறிக்கிற உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மூன்றும் நாய்க்கு விஷம், கீழே சிந்தாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

தூக்குத்துணி என்று ஒன்று விற்கிறார்கள், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், விரித்தால் நாயின் கால்கள் நான்கையும் நுழைத்து நம் முதுகில் பை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். வாங்கிய அன்றே வீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் ஜிம்மியை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார், இறங்கும்போது முழங்கால் நடுங்கியது. தோள்பட்டையில் பஞ்சு போதாது, ஆனால் தையல் உறுதி. தினசரிக்கு இல்லை, கால் உடைந்தால் மட்டும்தான் என்பதால் அந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையே கடிக்கும், அதனால் தூக்குவதற்கு முன் வாயை மெல்லிய துணிப்பட்டையால் கட்டிவிடுங்கள், மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக் கூடாது.

உண்ணி எடுக்கும் கொக்கி மிகச் சின்னச் சாமான், அதை மறக்காதீர்கள். உண்ணியை விரலால் நசுக்கிப் பிடுங்கினால் தலை தோலுக்குள்ளேயே நின்றுவிடும், கொக்கியின் பிளவை அடியில் நுழைத்துச் சுழற்றினால் முழுசாக வந்துவிடுகிறது. காதுக்குப் பின்னால், அக்குளில், விரல் இடுக்கில், வாலடியில் பாருங்கள், அன்று இரவே பாருங்கள். லைம் நோய்க் கிருமி உடம்புக்குள் போவதற்குப் பெரும்பாலும் உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், வேறு சில நோய்கள் அதைவிடச் சீக்கிரம் தொற்றும். இந்தக் கொக்கி இரண்டு அளவில் வருகிறது, இரண்டையும் வாங்குங்கள், குட்டி உண்ணிக்குப் பெரியது உதவாது.

கடைசியாக மலம் அள்ளும் பை. மட்கும் என்று எழுதியிருப்பதை நம்பி மலையிலேயே கட்டிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பாதையோரம் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பை மட்குவதற்கு வேண்டிய சூடும் ஈரமும் மலையில் கிடையாது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். திரும்பக் கொண்டுவரத்தான் வேண்டும். அதற்கென்று இறுகிய மூடி போட்ட ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள், பையின் வெளிப்பக்கம் தொங்கவிட்டுக்கொள்ளலாம், வாடை வெளியே வருவதில்லை. வாங்கியதில் ஒரு குறையும் சொல்ல முடியாத சாமான் அது ஒன்றுதான். அதை யார் பையில் தொங்கவிடுவது என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் சண்டை.